பாக்குப் பேனா

கலிபோர்னியா மழையை வான்மதி ஒருநாளும் மதித்ததில்லை. பொள்ளாச்சியில் ஆடிச் சாரலில் நனைந்து வளர்ந்தவளுக்கு இந்த ஊர்த் தூறலெல்லாம் ஒரு மழையா? "குடை எடுத்துட்டுப் போடி" என்று அறைத்தோழி ஷ்யாமளா வாசல்வரை வந்து கத்தினாள். காதில் வாங்காமல், அந்த இரண்டாயிரமாவது வருஷத்து அக்டோபர் சனிக்கிழமையில், பிளசன்டன் மெயின் ஸ்ட்ரீட் சந்தைக்குக் கையை வீசிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

மழைக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது... நடுத்தெருவில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டது. சடசடவென்று பெரிய பெரிய துளிகள். ஜனங்கள் நாலா பக்கமும் சிதறி ஓட, இவளும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணில் பட்ட முதல் கூடாரத்துக்குள் ஒதுங்கினாள்.

உள்ளே மெழுகும் மரத்தூளும் கலந்த வாசனை. மேஜைமேல் கறுப்புத் துணி விரித்து, அதில் வரிசையாகப் பேனாக்கள். சிலது முழுக்க மரம். சிலது பாதி மரம், பாதி கண்ணாடிபோல் இறுகின ரெசின்... அந்த ரெசினுக்குள் நீலமும் பச்சையும் குழம்பிக் கிடந்தன. வால்நட் மரமும் கடல்நீல ரெசினும் சேர்ந்த ஒன்றை எடுத்தாள். இரண்டும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டு எங்கே என்றே தெரியவில்லை! கைக்கு அளவெடுத்துச் செய்தது போல அப்படியே உட்கார்ந்தது.

பக்கத்தில் எழுதிப் பார்க்கிற தாள் இருந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் கையெழுத்தும் கிறுக்கலுமாகப் போட்டு வைத்திருந்தார்கள். புதுப் பேனா கையில் எடுத்தால் பழக்கம் விடுமா? வான்மதி ஓர் ஓரமாகப் பிள்ளையார் சுழி போட்டாள்.

"பிள்ளையாருக்குப் பிடிச்சிருக்காமா?"

தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவன். நெஞ்சுவரை ஏப்ரன். தலைமுடியிலும் புருவத்திலும் மரத்தூள். அந்தத் தூளுக்குக் கீழே இரண்டு கண்கள்... சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள். ஒரு விநாடிதான் பார்த்தாள். ஆனால் அந்த ஒரு விநாடியில் மழைச்சத்தம் கேட்காமல் போனது என்னவோ நிஜம்.

"நீங்க தமிழா?" என்றாள் அசட்டுத்தனமாக.

"சுழி போட்டது நீங்க. அந்தக் கேள்வியை நான்லா கேக்கணும்?"

சிரித்துவிட்டாள். அப்படியே சிரிப்போடு கேட்டாள். "இது எனக்கு வேணும். என்ன விலைங்க?"

"இது விக்கறதுக்கு இல்ல."

"அப்புறம் எதுக்குக் கடை போட்டிருக்கீங்க?"

"கடை எங்க மரக்கடைசல் கிளப்போடது. அந்தக் கிண்ணம், ஜாடி எல்லாம் விலைக்கு. இந்தப் பேனா மட்டும் நான் பண்ணினது. பாத்துட்டு வச்சிரணும்."

"அப்படீன்னு ஒரு போர்டு வச்சிருக்கலாமில்ல?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஹெச்-ஒன் விசாங்க. கம்பெனி சம்பளத்தைத் தவிர வெளிய ஒத்தை டாலர் வாங்கக் கூடாது. வாங்குனா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

வான்மதியும் ஹெச்-ஒன்தான். சான் ரமோனில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங். அவன் சொல்வது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. 'ஐயோ பாவம்' என்றுகூடத் தோன்றியது. அதோடு விட்டிருந்தால் சரி... அவன் விடவில்லை.

"நம்ம ஊர் ஆளா வேற இருக்கீங்க. சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

சும்மாவா?

"ஓசியில வாங்கற பழக்கம் எங்க ஊட்ல இல்லீங்க."

"ஓசி இல்லங்க, கிஃப்ட்."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட கிஃப்ட்டும் வாங்கறதில்லீங்க."

"சரி... அப்ப என் பேனாவைக் கீழ வைங்க."

அப்போதுதான் கவனித்தாள். பேனா இன்னும் அவள் கைப்பிடிக்குள் இறுக்கமாக இருந்தது. முகம் குப்பென்று சிவந்துபோக, அதைத் துணிமேல் வைத்துவிட்டு வெளியே இறங்கினாள். கொட்டுகிற மழையில்!

"ஏங்க... நனையறீங்க!" என்று பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்ப்பாளா? மாட்டாளே.

வீட்டுக்கு வந்து நாலு நாள் தும்மினாள். தும்மலுக்கு நடுவில் ஷ்யாமளாவிடம் கதை முழுவதையும் சொன்னாள். நியாயம் தன் பக்கம்தான் என்று அழுத்தமாகச் சொன்னாள்.

ஷ்யாமளா மயிலாப்பூர்க்காரி. எதையும் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கிறவள். "காசுதானேடி வாங்கப்படாது? சாதம் வாங்கப்படாதுன்னு இமிக்ரேஷன்ல எங்கயும் எழுதலையே?" என்றாள்.

வான்மதி தும்முவதை நிறுத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை அதே கூடாரத்தில், கறுப்புத் துணிமேல் 'ணங்' என்று ஓர் எவர்சில்வர் டப்பா வந்து உட்கார்ந்தது. மூடியில் 'தனபாக்கியம்' என்று பெயர் வெட்டியிருந்தது. அவள் அம்மா பெயர். உள்ளே சுடச்சுட அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய்.

"இது விலை இல்லீங்க, பண்டமாற்று. இப்பப் பேனாவை எடுக்கலாமுங்களா?"

அவன் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மூடியைத் திறந்து முகர்ந்தான். இரண்டு வருஷமாக வீட்டுச் சாப்பாட்டைக் காணாத பையனின் முகம் அப்படியே இளகிப்போனதைப் பார்க்க, அவளுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

"நான் அகிலன். தென்காசி. பேனாவை எடுத்துக்கிடுங்க... டப்பாவை நாளைக்குக் கழுவிக் குடுத்திருதேன்."

கொடுத்தான். கழுவி, துடைத்து, பளபளவென்று. ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு புதுப் பேனா!

"இது எதுக்குங்க?"

"டப்பாவை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிருக்காங்க. உங்க வீட்ல எப்படியோ..."

எங்கள் வீட்டில் எப்படியோவா? வான்மதி வீட்டிலும் அதே சட்டம்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் திரும்பிப் போனால் அதில் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் 'உன் உறவு போதும்' என்று சொன்ன மாதிரி. ஆக, இப்போது அவன் கொடுத்த இரண்டாவது பேனாவுக்கு அவள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தாள். ஒப்பிட்டு, அதாவது போளி, தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டப்பா ஒரு பச்சைப் பேனாவோடு திரும்பியது. தக்காளித் தொக்கு போனது. ஆலிவ் மரப் பேனா வந்தது... மரியாதைக்கு முடிவு ஏது?

நவம்பருக்குள் சனிக்கிழமை காலை என்றாலே கார் தானாக சான் ரமோன் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அங்கே வால்ட்டர் என்கிற ஒரு ரிட்டயர்டு மனிதரின் வீட்டில் அகிலன் அறை எடுத்திருந்தான். வால்ட்டர் கராஜில் மரம் கடைகிற ஒரு சின்ன லேத் இருந்தது. பகலெல்லாம் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன், வாரக் கடைசியில் அந்த லேத் முன்னால் நின்றால் வேறு ஆள்.

மரத்துண்டை நடுவில் துளைபோட்டு, பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருகி, லேத்தில் மாட்டிச் சுழலவிடுவான். சதுரக் கட்டை சுற்றுகிற வேகத்தில் புகை மாதிரி மங்கலாகத் தெரியும். உளியை மெதுவாகக் காட்டுவான். சுருள் சுருளாக மரம் உரிந்து பறக்கும். அதற்குள்ளிருந்து உருண்டையாக ஒரு பேனா எட்டிப் பார்க்கும். அப்புறம் உப்புத்தாள். முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைசு நைசாக ஏழெட்டு. அவசரப்படவே மாட்டான்.

அவள் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். லேத்தை என்றுதான் ஊர் நம்ப வேண்டும்.

"என்ன பாக்கீங்க?" என்பான் திரும்பாமலே.

"உங்க காதுக்குள்ள மரத்தூள். துடைச்சா இன்னொரு பேனா பண்ணலாம்."

"சவம்... இந்த ரெசின் மறுபடியும் குமிழி விட்டுட்டு!" என்பான் ஒருநாள்.

"அதென்னங்க எதுக்கெடுத்தாலும் சவம்? நல்ல வார்த்தையே வராதா உங்க ஊர்ல?"

"வரும். ஆள் பாத்து வரும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வீடு போய்ச் சேரும்வரை ஃப்ரீவேயில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கார் ஓட்டுவாள். இரண்டு பேரும் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள். சொல்ல வேண்டியதை ஒருத்தரும் சொல்லவில்லை. டப்பா மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் மார்ச்சில் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி பிளசன்டனில் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, முழுசு முழுசாகக் கொட்டைப்பாக்கு. இவர்கள் அபார்ட்மென்ட்டில் பாக்குப் போடுகிற ஆள் யார்? வான்மதி தேங்காயை அரைத்துக் குழம்பு வைத்தாள். கராஜில் மரத்தையும் கொட்டையையும் வெட்டிப் பார்க்கிற ஒருவன் இருக்கிறானே என்று, பாக்கை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து டப்பாவில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தாள். ஒரு விளையாட்டு... அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? என்று கேட்டால் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த டப்பா இரண்டு வாரம் திரும்பவில்லை. போன் செய்தால், "வேலை கொஞ்சம் டைட்டுங்க" என்றான். குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. மூன்றாவது வாரம் இவள் ஆபீசிலிருந்து வந்தபோது டப்பா கதவருகே இருந்தது.

திறந்தாள்.

காலி.

மூடிக்கு உள்பக்கம் பார்த்தாள். கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கழுவித் துடைத்து, சுத்தமாகக் காலி.

"மறந்திருப்பான்டி" என்றாள் ஷ்யாமளா.

"அவுங்க மறக்கற ஆளு இல்ல" என்றாள் வான்மதி. பாக்கைப் பார்த்துப் பயந்துவிட்டான். 'இவ கல்யாணப் பேச்சுக்கே போறா' என்று நினைத்துவிட்டான். அவள் கையால் வாங்கித் தின்ற ஆறு மாதச் சாப்பாட்டுக்கு, 'போதும் தாயே' என்று டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நேரில் கொடுக்கக்கூட மனசில்லை! அம்மா பெயர் வெட்டின டப்பாவை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அன்று ராத்திரி அழுதாள் என்பதை ஷ்யாமளாவிடம்கூடச் சொல்லவில்லை. போன் செய்யவும் இல்லை. கொங்குநாட்டு ரோஷம் இருக்கிறதே, அது லேசில் இறங்காது.

ஏப்ரல் பதினாலு, தமிழ் வருஷப் பிறப்பு. லிவர்மோர் கோவிலில் நிற்க இடமில்லை. அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேஜையில் பிச்சுமணி அங்கிள் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை தோறும் சேவைக்கு வருகிறவர்.

"பேரு, நட்சத்திரம் சொல்லும்மா."

வான்மதி சொல்லவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதிக்கொண்டிருந்தது அகிலன் செய்த பேனா. மர நரம்புகளின் போக்கைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டை லேத்தில் சுற்றியபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிள்... இந்தப் பேனா எங்க கிடைச்சுது?"

"இதுவா? அந்தத் தென்காசிப் பையன் ஒரு பெட்டி நிறையக் கொடுத்துட்டுப் போனான்மா. கோவிலுக்கு வச்சுக்கோங்கோன்னான். பாவம், போன மாசம் அவன் கம்பெனில லே-ஆஃப். பாதிப்பேரைத் தூக்கிட்டாளாம். எங்கெங்கயோ அப்ளை பண்ணிப் பார்த்தான், இப்ப யார் எடுக்கறா? அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறான். ஒரேயடியா."

போன மாசம். காலி டப்பா வந்ததும் போன மாசம்.

"நட்சத்திரம் என்னம்மா?"

"அப்புறம் வர்றேனுங்க அங்கிள்" என்று சொல்லும்போதே அவள் பாதி வாசலைத் தாண்டியிருந்தாள்.

கராஜ் கதவு திறந்தே இருந்தது. லேத்மேல் ஒரு போர்வை. தரையில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள். அகிலன் ஓர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் டேப் கையிலேயே நின்றுவிட்டது. இளைத்திருந்தான். தலையில் மரத்தூள் இல்லை.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொல்லி?"

"சொல்லி என்னவா? கோயில்ல பிச்சுமணி அங்கிளுக்குத் தெரியுது. எனக்குத் தெரியக் கூடாதா? டப்பாவைக் காலியா வச்சுட்டு ஓடி வந்துட்டீங்க... நான் என்ன நெனச்சிருப்பேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"மதி... வான்மதி, கேளுங்க—"

"கேக்க மாட்டேன். எனக்குக் குடுக்க இந்தக் கராஜ்ல ஒரு மரத்துண்டு கூடவா இல்லாமப் போச்சு?"

அவன் கண் தன்னை அறியாமல் ஜன்னல் பலகைப் பக்கம் ஒருதரம் போய் வந்தது. அவள் விடுவாளா? போய்ப் பார்த்தாள்.

மூன்று உடைந்த துண்டுகள். அவற்றுக்குப் பக்கத்தில் முழுசாக ஒரு பேனா. தேன் நிறத்து ரெசின். அதற்குள்ளே வட்ட வட்டமாக ஏதோ... வெள்ளையும் செம்பழுப்புமாக நெளிநெளியான கோடுகள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு கோலம். ஒரு கணம் என்னவென்று புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

பாக்கு! அவள் கொடுத்த பாக்கு.

"வில்லை வில்லையா அறுத்து, ஓவன்ல காயவச்சு, ரெசின் ஊத்தினேன்" என்றான் அகிலன் பின்னாலிருந்து, மெதுவாக. "கடையும்போது பாக்கு தெறிச்சிட்டு. மூணு தடவை. நாலாவதுதான் நின்னுது. அதை முடிச்சு மெழுகு போட்ட மறுநாள் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கவரைக் குடுத்துட்டாங்க."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"பாக்கு வச்சு ஒரு பொண்ணுகிட்டக் குடுத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நிச்சயத்துக்குத்தானே தட்டுல பாக்கு வைப்பாங்க. வேலை இருந்திருந்தா டப்பால வச்சுக் குடுத்திருப்பேன். தைரியமா குடுத்திருப்பேன். வேலை போனவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுக்க? இதைக் குடுக்கவும் முடியல... இதை வச்சுக்கிட்டு வேற ஒண்ணை வச்சுக் குடுக்கவும் மனசு வரல. அதான் காலியா வச்சேன்."

இந்த மூன்று வாரமும் அவனை என்னென்ன திட்டியிருக்கிறாள்! வான்மதி பேனாவைக் கையில் எடுத்தாள். பாக்கு வில்லைகள்மேல் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"சரி. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. என் வேலை இருக்கு. என் விசா இன்னும் மூணு வருஷம் இருக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டா நீங்க ஹெச்-ஃபோர்ல வரலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்... பேனாவை மட்டும் விடவில்லை.

அகிலனின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி கறுத்துவிட்டது.

"ஹெச்-ஃபோரா? டிபெண்டென்ட்டா? பொண்டாட்டி வேலைக்குப் போவா, நான் வீட்ல உக்காந்திருக்கணும். வேலை பாக்கவும் கூடாது. ஊர்ல எங்கப்பா நாலு பேருக்கு என்ன சொல்வாரு? உங்க வீட்ல என்ன சொல்வாங்க? ஹெச்-ஃபோர்ல பொம்பளைங்கதான் வருவாங்க, வான்மதி."

"ஏன், வந்த பொம்பளைங்க எல்லாம் கொறைஞ்சா போயிட்டாங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

அவன் டேப்பின் நுனியைத் தேடித் தேடிக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"நாலாவது தடவையும் பாக்கு தெறிச்சிருந்தா அஞ்சாவது தடவை கடைஞ்சிருப்பீங்க. மனுசின்னா மட்டும் ஒரு தடவையிலேயே விட்டுருவீங்க போல" என்றாள் வான்மதி. குரல் உடைந்துவிட்டது. "கேக்க வேண்டியதை நான் கேட்டுட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டுட்டேன். இதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெரியாதுங்க."

பேனாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். காருக்குப் போகும்வரை கண்ணைத் துடைக்கவில்லை, அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று.

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாட்டை எழுதி முடியாது. போன் அடித்தால் ஓடுவாள். யாராவது கிரெடிட் கார்டு விற்கிறவனாக இருப்பான். ஷ்யாமளா ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தாலே ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் வான்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். வெள்ளிக்கிழமை வந்தது. போனது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு போன்.

"அம்மிணி... நாந்தான்."

அப்பா! பொள்ளாச்சியில் இப்போது ராத்திரி பத்து மணி. அவள் அப்பா வெள்ளியங்கிரி எட்டு மணிக்கே படுத்துவிடுகிற மனிதர்.

"என்னங்ப்பா? அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு..."

"உங்கம்மாளுக்கு என்ன, கல்லாட்டம் இருக்கறா. யாரோ அகிலனாம்... தென்காசியாம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால போன் பண்ணுனாப்டி."

வான்மதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"'எம் பேரு இன்னது, இன்ன ஊரு. எனக்கு வேலை போயிருச்சுங்க. நாளைக்கு ஊருக்கு வர்றேன். உங்க பொண்ணைக் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன். கட்டுனா, உங்க பொண்ணு விசாவுலதான் நான் அமெரிக்காவுல இருக்க முடியும். அது சம்பாதிக்கும், நான் வேலைக்குப் போக முடியாது. எத்தனை நாளைக்குன்னு தெரியாது. இதைய நானே சொல்லோணும்னுதான் கூப்பிட்டேன்'னு... மொட்டையா சொல்லிப் போட்டாப்டி. நாஞ் சொன்னேன், 'ஏந்தம்பி, பொண்ணுக் கேக்கறவங்க இல்லாததைக் கூட இருக்குதுன்னு சொல்லுவாங்க. நீங்க இருக்கற கொறையை எல்லாம் மூட்டை கட்டிக் கொண்டாந்து கொட்டறீங்களே'ன்னு."

"அப்பா... நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"என்ன சொல்றது? இருவத்தெட்டு வருசமா நான் உங்கம்மா பூமியிலதான் ஒக்காந்திருக்கறேன். கட்டிட்டு வந்த புதுசுல, 'ஊட்டோட மாப்பிள்ளை'ன்னு டீக்கடையில சிரிக்காதவன் பாக்கியில்லை. அதுல நான் எங்கியாச்சும் தேஞ்சு போயிட்டனா? 'அம்மிணிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு போனை வெச்சேன். வந்து மொகத்தைக் காட்டிட்டுப் போகட்டும். நம்ம சனம் நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பேசிட்டுப் போறாங்க. உங்கம்மாதான் ஜாதகம் வேணும்னு குதிக்கறா... அதைய நான் பாத்துக்கறேன். வைகாசியில லீவு கிடைக்குமா உனக்கு?"

"கிடைக்குமுங்ப்பா" என்றாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஷ்யாமளா கைக்குக் கிடைத்த ஒரு பழைய பேப்பரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நம்பர் நீதானே குடுத்தே?"

"கேட்டான், குடுத்தேன். ஊருக்குப் பேசற காலிங் கார்டு கூட என்னோடதுதான். கீழ பார்க்கிங்ல ஒரு மணி நேரமா நிக்கறான், போய்ப் பாரு. மேல வரமாட்டேங்கறான். உங்கப்பா என்ன சொன்னார்னு உன் வாயால கேக்கணுமாம்."

செருப்புக்கூடப் போடவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

வால்ட்டரின் பழைய டிரக்கில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான் அகிலன். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் சிரிப்பில்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த மாதிரி ஒரு தவிப்பு. இந்த மனுஷன் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்வதற்கு எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பான் என்று நினைக்க, அவளுக்கு ஓடிப்போய்ச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு வாரம் அழ வைத்திருக்கிறானே... கொஞ்சம் இருக்கட்டும்.

"அப்பா என்ன சொன்னாரு?" என்றான்.

"உங்களுக்குப் பொண்ணுக் கேக்கவே தெரியலைன்னு சொன்னாரு."

"அப்ப... முடியாதுன்னுட்டாரா?"

"எங்கிட்டக் கேக்க வேண்டியதை எங்கப்பாகிட்டக் கேட்டா வேற எப்படிச் சொல்வாங்களாம்? நான்தான் கேட்டேன், போன வாரம். நீங்க இன்னும் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே?"

வெறுங்காலோடு, வாராத தலையோடு, வீட்டு நைட்டிக்கு மேலே ஒரு ஸ்வெட்டரோடு நின்றிருந்தவளை அவன் பார்த்தான். அவன் தோள்கள் மெல்ல இறங்கின. ஆறு மாதமாக அவன் வாயில் இருந்த 'ங்க' முதல் தடவையாகக் காணாமல் போயிற்று.

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, மதி. வேலை இருந்தப்பவே சொல்லிருக்கணும். அப்ப விட்டுட்டேன்... இப்ப ஒண்ணும் இல்லாம வந்து நின்னு சொல்லுதேன்."

"இப்பச் சொன்னதுனாலதான் நம்பறேன். வைகாசியில லீவு போடச் சொல்லிட்டாரு எங்கப்பா" என்றாள் வான்மதி, அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டே.